கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றவர்

மார்கழியில் கடலூர் துறைமுகத்துப் பக்கம் காலை ஆட்டம் நடத்தினால், தொடக்கத்தில் கண்ணை நம்பிப் பயனில்லை. பனி அப்படி இறங்கியிருக்கும். ஒரு கோல் போஸ்டிலிருந்து பார்த்தால் இன்னொன்று தெரியாது. பந்து உதைபடும் சத்தம், "மச்சான், பின்னாடி வுடு, பின்னாடி வுடு" என்ற கத்தல், ஈர மணலில் பூட்ஸ் புதையும் ஓசை. இவற்றை வைத்துக்கொண்டுதான் ரெஃப்ரி ஓட வேண்டும்.

அன்றைக்கும் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தேன். பந்து கோட்டைத் தாண்டி வெளியே போனது. த்ரோவுக்காகத் திரும்பி நின்றபோது ஒரு பக்கமாகப் பனி கொஞ்சம் விலகியது. நடுக்கோடு முடிகிற இடத்தில், சுண்ணாம்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம், ஒருவர் நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை. கணுக்கால் வரை இறங்கிய லுங்கி. இரண்டு கைகளும் பக்கவாட்டில் சும்மா தொங்கின.

ஆட்டம் பார்க்க வருகிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள், இல்லையென்றால் டீ கிளாஸோ செல்போனோ வைத்திருப்பார்கள். கையை மறந்துவிட்டு நிற்கிறவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஆட்டம் தொடர்ந்தது. ஆனால் ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. என்னவென்று பிடிபடக் கொஞ்ச நேரம் ஆனது.

ஆட்டம் பார்க்கிற கூட்டத்துக்கு ஒரே கழுத்துதான். பந்து இடப்பக்கம் போனால் அத்தனை தலையும் இடப்பக்கம் திரும்பும். ரெஃப்ரியை யாரும் பார்க்க மாட்டார்கள். விசில் அடித்தால் பார்ப்பார்கள், அதுவும் திட்டுவதற்கு. இந்த மனிதரின் முகம் பந்தோடு திரும்பவில்லை. என்னோடு திரும்பியது. நான் வடக்கே ஓடினால் வடக்கே. நான் நின்றால் அதுவும் நின்றது.

அடுத்த முறை அந்தப் பக்கம் ஓடும்போது கிட்டத்தில் பார்த்தேன். அடையாளம் தெரிந்தது. யாரோ ஃபவுல் செய்தார்கள். விசிலை வாயில் வைத்தேன், ஊதக் காற்று வரவில்லை.

அவர் பெயர் தனவேல். சதீஷின் அப்பா.

கறுப்பு டிரவுசர்

சதீஷ் யார் என்று சொல்வதற்கு முன் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் வலது முட்டி போனதோடு ஆட்டம் முடிந்தது என்று இந்தத் தொடரில் போன வாரம் எழுதியிருந்தேன். ஆட்டம்தான் முடிந்தது. மைதானம் என்னை விடவில்லை. பள்ளியில் எங்களுக்குப் பயிற்சி கொடுத்த டீச்சர், "ஓட முடியுதா? அப்ப ஊது" என்று கையில் ஒரு விசிலைக் கொடுத்தார். பரீட்சை எழுதித் தேறினேன். கிழமை நாட்களில் கடலூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமை ரெஃப்ரி.

என் அம்மாவுக்கு நான் ஆடியதில் வருத்தம் இல்லை. கல்யாணத்துக்கு அப்புறமும் கறுப்பு டிரவுசர் போட்டுக்கொண்டு ஆம்பளைப் பிள்ளைகள் நடுவில் ஓடுவதில்தான் வருத்தம். "ஊதுறதுதான ஊதுற, சுடிதார் போட்டுக்கினு ஊதக் கூடாதா?" என்று கேட்டார். என் கணவர் ரமேஷ் சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவர். அவர்தான் அம்மாவைச் சமாதானப்படுத்தினார். "அத்தே, சுடிதார் போட்டுக்கினு ஓடுனா விழுந்துடும். விழுந்தா இன்னொரு முட்டியும் போயிடும்."

கிண்டல்களுக்குக் காது மரத்துப் போகும். அதைப் பற்றி எழுதினால் ஒரு வாரம் போதாது. மைதானத்துக்கு வெளியேயும் அது தொடரும். ஒருமுறை பரிசோதனை நிலையத்தில் ஒருவரின் கையைக் கட்டி, நரம்பைத் தட்டி, ஊசியைக் குத்திவிட்டு நிமிர்ந்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "மேடம், அன்னிக்கு எங்களுக்கு பெனால்ட்டி குடுக்காம வுட்டது நீங்கதான?" என்றார். ஊசி உள்ளே இருக்கும்போது வேறென்ன சொல்வது? ஆமாம் என்றேன். "கரெக்ட்டுதான் மேடம், பந்து கையில படல" என்று அவசரமாகச் சொன்னார்.

சிரித்துவிட்டுப் போகிற விஷயங்கள் இவை. கிள்ளை ஆட்டம் அந்த வகையில் சேராது.

கிள்ளையில் ஒரு ஞாயிறு

கிள்ளை பக்கம் உப்பங்கழியை ஒட்டிய ஒரு மைதானம். அலையாத்திக் காட்டிலிருந்து சேற்று வாடை வந்துகொண்டே இருக்கும். பொங்கலுக்குப் பிந்தைய ஏதோ ஒரு ஞாயிறு. உள்ளூர்ப் போட்டிதான், ஆனால் கூட்டம் அதிகம்.

சதீஷ் வலது விங்கில் ஆடினான். இருபதைத் தாண்டிய வயது. நல்ல வேகம், வேகத்தைவிடக் கோபம் ஜாஸ்தி. முதல் பாதியில் எதிரணிப் பையனின் கணுக்காலில் உதைத்ததற்கு மஞ்சள் கார்டு காட்டியிருந்தேன். இரண்டாம் பாதியில் அவன் ஒரு கோல் போட்டான். லைன்ஸ்மேன் இளவரசன் கொடியைத் தூக்கிவிட்டான். ஆஃப்சைடு. எனக்கும் தெளிவாகத் தெரிந்தது. கோல் இல்லை என்றேன்.

சதீஷ் நேராக என்னிடம் ஓடி வந்தான். மூச்சு என் முகத்தில் படும் தூரத்தில் நின்றான்.

"ரெண்டு கண்ணையும் எறாவுக்குத் தீனி போட்டுட்டு வந்தியாடி?"

இறால் பண்ணைகள் நிறைந்த பகுதி அது. பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். நான் இரண்டாவது மஞ்சளையும், அதன் பின்னால் சிவப்பையும் காட்டினேன். எந்த ரெஃப்ரியாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்.

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. ஒரு கணம் என்னையே பார்த்தான். தான் சொன்னது தன் காதிலேயே அப்போதுதான் விழுந்ததுபோல ஒரு முகம். பிறகு திரும்பி நடந்தான். பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. நான் ஃப்ரீ கிக்குக்கு விசில் அடித்தபோது பின்னால் அவனுடைய பைக் ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து சட்டையைத் துவைத்துக்கொண்டிருந்தேன். இளவரசன் போன் செய்தான். என்னைவிட வயதில் சின்னவன், அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

"அக்கா, அந்தப் பையன் சதீஷ் இல்ல? சிதம்பரம் ரோட்டுல, வளைவுல, மரத்துல இடிச்சிட்டானாம். ஸ்பாட்லயே போயிட்டான்."

மறுநாள் நானும் இளவரசனும் சிதம்பரத்தில் ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலுக்குப் போனோம். போக வேண்டாம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். போகாமல் இருக்க முடியவில்லை. சுவர் ஓரமாகக் குந்தியிருந்த சதீஷின் அப்பாவிடம் யாரோ குனிந்து, "அந்தம்மாதான் ரெஃப்ரி" என்று சொன்னார்கள். அவர் தலையைத் தூக்கினார். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன், அழுகை இருந்திருந்தாலும் தாங்கியிருப்பேன். இரண்டும் இல்லை. ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறவர்போலப் பார்த்தார். இளவரசன் என் முழங்கையைப் பிடித்து இழுத்தான். "வாக்கா. இப்ப வேணாம்."

அந்தம்மா வெளியே அனுப்பாமல் இருந்திருந்தால் பிள்ளை உயிரோடு இருப்பான் என்று கிள்ளையில் பேசிக்கொண்டார்கள். என் முடிவு சரி என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் தூக்கம் வரவில்லை. அந்த வருஷம் முழுவதும் விசில் பையைத் தொடவே இல்லை. கடைசியில் ரமேஷ்தான் சொன்னார், "போ. போயி ஊது. வூட்டுல உக்காந்தா இன்னும் ஜாஸ்தியாத்தான் ஆவும்."

அதன் பிறகு நான் நடத்திய முதல் ஆட்டம்தான் அந்தப் பனிக்காலை ஆட்டம்.

எங்கே போனாலும்

ஆட்டம் முடிந்து வெயில் ஏறியபோது நடுக்கோட்டுப் பக்கம் யாரும் இல்லை. அந்தப் பக்கக் கோட்டில் கொடி பிடித்தவன் இளவரசன்தான். அவனிடம் கேட்டேன்.

"பாத்தேன்கா. என் முதுகுக்குப் பின்னாடிதான் நின்னாரு. எந்த ஊருன்னு பேச்சுக் குடுத்தேன். வாயத் தொறக்கல. மூச்சு வுடுற சத்தம்கூடக் கேக்கல. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சி."

"அது யாருன்னு தெரியுமா?"

பனியில் முகம் சரியாகத் தெரியவில்லை என்றான். சொன்னேன். அவன் கொடியை இறுக்கிச் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

அடுத்தது சிதம்பரத்தில் ஒரு கல்லூரி மைதானம். பிற்பகல் ஆட்டம். ஒரு பக்கம் முழுக்கத் தைல மரங்கள். முதல் பாதி நடுவில் அவர் அங்கே நின்றார். அதே வெள்ளைச் சட்டை. வந்ததை யாரும் பார்க்கவில்லை. இடைவேளையில் எல்லாரும் தண்ணீர் கேனைச் சுற்றி நின்றபோதும் அவர் நகரவில்லை. நான் உட்கார்ந்திருந்த பக்கமாகத் திரும்பிக்கொண்டார், அவ்வளவுதான்.

அன்றைக்குத்தான் இன்னொன்றைக் கவனித்தேன். ஒரு பையன் பந்தைக் கையால் தள்ளினான். மஞ்சள் கார்டுக்காகச் சட்டைப்பைக்குக் கையைக் கொண்டுபோனேன். தனவேல் ஓர் அடி முன்னால் வந்தார். கால்விரல் கோட்டைத் தொட்டது. கார்டைக் காட்டி முடித்துக் கையை இறக்கியதும் பின்னால் போய்விட்டார். இரண்டாம் பாதியில் மறுபடியும் ஒரு கார்டு. மறுபடியும் அந்த ஓர் அடி.

அதற்குப் பிறகு கை சட்டைப்பைக்குப் போகும்போதெல்லாம் என் கண் அவர் கால்களுக்குத்தான் போனது.

சிப்காட்டில் கம்பெனிகளுக்கு இடையிலான ஆட்டம் ஒன்று. அங்கே சாயங்கால வானம் ஒரு மஞ்சளாக இருக்கும், காற்றில் நாக்கைக் கசக்கவைக்கும் வாடை இருக்கும். அடையாள அட்டை இல்லாமல் கேட்டுக்குள் விட மாட்டார்கள். இங்கே வர முடியாது என்ற தைரியத்தில்தான் ஒப்புக்கொண்டேன். ஆட்டம் ஆரம்பித்துச் சற்று நேரத்தில் நடுக்கோட்டைப் பார்த்தேன். நின்றுகொண்டிருந்தார்.

அன்றைக்கு ரமேஷும் பார்க்க வந்திருந்தார். நான் கண்ணால் காட்டியதும் அவரை நோக்கி வேகமாக நடந்தார். தனவேல் திரும்பி, ஓடாமல், அதே நிதானத்தில் கேட்டை நோக்கி நடந்து ஒரு லாரிக்குப் பின்னால் மறைந்துவிட்டார். ரமேஷ் கேட் வரை போய் வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

வீட்டுக்குப் போகும் வழியில், "போலீஸ்ல சொல்லிடலாமா செல்வி?" என்று கேட்டார்.

"என்னான்னு சொல்றது? ஒருத்தர் நின்னு பாக்குறாருன்னா?"

"உன்ன ஏதாச்சும் பண்ணிட்டா?"

எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அவர் ஒன்றுமே செய்யாமல், ஒன்றுமே கேட்காமல், என் ஆயுள் முழுக்க இப்படியே நின்றுகொண்டிருந்தால்?

திட்டக்குடி வெயில்

திட்டக்குடி ஆட்டத்துக்கு நான் போகவேண்டியதே இல்லை. வேறொருவர் போவதாக இருந்தது. அன்று காலை அவருக்குக் காய்ச்சல் என்று போன் வந்தது. நான் போவது ரமேஷுக்கும் போட்டி நடத்தியவருக்கும் தவிர யாருக்கும் தெரியாது. இளவரசனுக்குக்கூடத் தெரியாது. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, இன்றைக்காவது முதுகு குறுகுறுக்காமல் ஓடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

கரும்பும் மக்காச்சோளமும் விளைகிற வறண்ட பக்கம் அது. ஒரு பள்ளி மைதானம். ஒரு பக்கம் சிமெண்டுப் படிகள், அதன் மேல் வேப்பமர நிழல். கூட்டம் மொத்தமும் அங்கேதான் இருந்தது. எதிர்ப்பக்கம் மொட்டை வெளி. உச்சி வெயிலில் தரையைப் பார்த்தாலே கண் கூசியது.

நடுக்கோட்டை அடிக்கடி பார்த்தேன். யாரும் இல்லை. மனசு லேசானது.

இரண்டாம் பாதியில் ஒரு கார்னர் கிடைத்தது. கோல் போஸ்டுக்கு முன்னால் தள்ளுமுள்ளு. அதைச் சரி செய்துவிட்டுப் பின்னால் நகர்ந்தேன். அப்போது, எதிர்ப்பக்கத்துக் கார்னர் கொடிக்குக் கிட்டே, மொட்டை வெளியில், ஓர் ஆள் நின்றது தெரிந்தது. தூரம் அதிகம். பின்னால் வெளி முழுக்க வெயிலில் வெளுத்துக் கிடந்ததால் முகம் இருட்டாகத் தெரிந்தது.

வந்துவிட்டார் என்று நினைத்தேன். ஆனால் ஏதோ சரியில்லை. மற்ற இடங்களில் எல்லாம் கோட்டுக்கு வெளியே நிற்பவர், இங்கே கோட்டுக்கு உள்ளே நின்றார். நிற்கிற விதமும் வேறாக இருந்தது. இடது காலைத் தூக்கிப் பாதத்தை வலது முட்டியில் வைத்து, ஒற்றைக்காலில், கொக்கு நிற்குமே அப்படி. பந்து தன் பக்கம் வரட்டும் என்று காத்திருப்பதுபோல.

ஆட்டம் நடக்கும்போது வெளியாள் உள்ளே நின்றால் ரெஃப்ரி நிறுத்த வேண்டும். விசில் அடித்தேன். கையை நீட்டி, அவரை வெளியே போகச் சொல்லுங்கள் என்று அந்தக் கோட்டு லைன்ஸ்மேனிடம் சைகை செய்தேன். அவர் உள்ளூர் பி.டி. ஆசிரியர். அந்தப் பக்கம் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி அந்தப் பக்கம் பார்த்தார்.

"யார மேடம்?"

நான் திரும்பிப் பார்த்தபோது கொடி மட்டும் நின்றது. மொட்டை வெளி. ஓடி ஒளிய ஒரு செடிகூட இல்லை.

"வெயில் ஜாஸ்தி மேடம். தலையில தண்ணி ஊத்திக்கிறீங்களா?" என்றார் அவர். ஊற்றிக்கொண்டேன். ஆட்டத்தை எப்படி முடித்தேன் என்று இன்றுவரை நினைவில்லை. அந்தச் சிதம்பரம் கல்லூரி மைதானத்தில் அடுத்த ஆட்டம் வரும்வரை, இரவில் கதவைத் தாழ் போட்ட பிறகும் எழுந்து போய் ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு கேள்வி

சிதம்பரத்தில் அந்த ஆட்டம் மழைவிட்ட ஒரு பிற்பகலில் நடந்தது. ரமேஷ் லீவு போட்டுவிட்டு என்னோடு வந்தார். தனவேல் தைல மரங்களுக்கு முன்னால், வழக்கமான இடத்தில் இருந்தார்.

கடைசி விசில் அடித்தேன். கைகுலுக்க வந்த கேப்டன்களைக்கூடப் பார்க்காமல் அவரை நோக்கி நேராக நடந்தேன். பின்னால் ரமேஷ் ஓடி வருவது கேட்டது. தனவேல் இந்த முறை நகரவில்லை. கிட்டே போனதும்தான் அவர் எவ்வளவு மெலிந்துவிட்டார் என்று தெரிந்தது. சட்டைக் காலருக்குள் கழுத்து தனியாக நின்றது.

"என்கிட்ட என்னா வேணும் உங்களுக்கு?" என்றேன். மிரட்டலாகக் கேட்க நினைத்தேன். கெஞ்சலாக வந்தது.

அவர் வாயைத் திறந்தார், மூடினார். பிறகு, "கோச்சிக்காதீங்கம்மா. கேக்கணும்னுதான் ஒவ்வொரு வாட்டியும் வர்றேன். கேக்க வாய் வரல" என்றார்.

அவர் குரலை நான் முதன்முதலில் கேட்டது அப்போதுதான். கரகரத்த, சாதாரணக் குரல். மீனவர் வீட்டிலோ வயல்காரர் வீட்டிலோ எங்கேயும் கேட்கக்கூடிய குரல்.

மூன்று பேரும் கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தோம். அவர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே பேசினார். கிள்ளை பக்கம் ஒரு இறால் பண்ணையில் வேலை. மனைவி முன்பே இறந்துவிட்டார். சதீஷ் ஒரே பிள்ளை.

"ரெட் கார்டு காட்டுறதுக்கு மின்னாடி அவன் உங்ககிட்ட என்னவோ சொன்னானாமே. கூட ஆடுன பசங்கள எல்லாம் கேட்டுட்டேன். கெட்ட வார்த்தைன்னு சொல்றானுங்க, என்னா வார்த்தைன்னு ஒருத்தனும் சொல்ல மாட்றான். நான் மனசு கஷ்டப்படுவேன்னு மறைக்கிறானுங்க. அவன் கடைசியா பேசுனது உங்ககிட்டதாம்மா. ஒரு பொம்பளகிட்டப் போயி, என் புள்ள உங்கள என்னா கெட்ட வார்த்தை சொன்னான்னு எப்படிக் கேக்குறது?"

"அதுக்கா இத்தினி ஊருக்கு வந்தீங்க?" என்றார் ரமேஷ்.

"கேக்கத்தான் வருவேன் தம்பி. வந்து நின்னா, இவுங்க கார்டு எடுப்பாங்க. அவனுக்கும் இப்படித்தான காட்டியிருப்பாங்க, அப்ப இவுங்க முகம் எப்படி இருந்திருக்கும், அவன் கண்ணுக்கு என்னா தெரிஞ்சிருக்கும்னு பாப்பேன். அதோட பஸ் ஏறிடுவேன்."

எந்த ஆட்டத்துக்கு யார் ரெஃப்ரி என்பதை சதீஷோடு ஆடிய பையன்கள் வாட்ஸ்அப்பில் பார்த்துச் சொல்வார்களாம். சிப்காட்டுக்குள் வந்தது, பண்ணைக்கு மருந்து ஏற்றப் போன லாரியில்.

நான் ரமேஷைப் பார்த்தேன். அவர் பொய் சொல்லிவிடு என்பதுபோலக் கண்ணைச் சிமிட்டினார். "ஸாரி மேடம்னு சொன்னான்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் தனவேல் இத்தனை மைதானங்களில் கால் கடுக்க நின்றது என்னுடைய கற்பனைக்காக இல்லை.

"சொல்றேன்ப்பா. 'ரெண்டு கண்ணையும் எறாவுக்குத் தீனி போட்டுட்டு வந்தியாடி'ன்னு கேட்டான். அவ்வளவுதான். வேற ஒண்ணும் சொல்லல."

அவர் கையிலிருந்த கிளாஸ் சாய்ந்தது. டீ லுங்கியில் சிந்தியது. அவர் அழப்போகிறார் என்று நினைத்தேன். சிரித்தார். பல் தெரிய, தோள் குலுங்க, சத்தமே வராத சிரிப்பு. அது நிற்கும்போது கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"அது என் வார்த்தம்மா. அந்தப் பண்ணையில யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க. அன்னிக்குக் காலையில தீனி மூட்டைய மூடாம வுட்டுட்டான், பனியில நனஞ்சி போச்சி. அந்த வார்த்தையச் சொல்லித்தான் திட்டுனேன். மூஞ்சிய ஒரு மாதிரி வச்சிக்கினு சாப்புடாம போனான். என் மேல கோவமாத்தான் போயிட்டான்னு இத்தினி நாளா..." நிறுத்திக்கொண்டார். "கோவம் இருந்தா என் வார்த்தைய எடுத்துக்கினு போயிருக்க மாட்டான். இல்லீங்களா?"

"கோவம் இருந்திருக்காதுப்பா" என்றேன். அப்போது அதை நானும் நம்பினேன்.

"அந்த 'டி' மட்டும் என்னுது இல்லம்மா. அதுக்கு நான் மன்னிப்பு கேட்டுக்கிறேன்" என்று கையைக் கூப்பினார். நான் அவர் கையைப் பிடித்து இறக்கினேன்.

டீக்கடைக்காரர் அவருக்கு வேறு டீ போட்டுக் கொடுத்தார். அதைக் குடித்தார். ரமேஷ் பிஸ்கெட் வாங்கினார். ஒரு பாரம் இறங்கியதுபோல மூன்று பேரும் கொஞ்சம் சாதாரணமாகப் பேசினோம். அந்த லேசான மனநிலையில்தான் கேட்டேன்.

"மத்த ஊரு எல்லாம் சரி. திட்டக்குடிக்கு நான் வர்றது எனக்கே காலையிலதான் தெரியும். உங்களுக்கு யாரு சொன்னது?"

"திட்டக்குடிக்கா?" என்றார். "நான் வரலீங்களேம்மா. அந்தப் பக்கம் நான் போனதே கெடயாது."

"வெயில்ல நின்னீங்களே. கார்னர் கொடிகிட்ட."

"இல்லம்மா. பண்ணைய வுட்டு அவ்ளோ தூரம் எப்படி வருவேன்?"

பொய் சொல்ல அவருக்குக் காரணமே இல்லை. ரமேஷ் பிஸ்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் அந்தப் பேச்சை அங்கேயே விட்டிருக்க வேண்டும். தனவேல் விடவில்லை.

"எப்படி நின்னாரு அந்த ஆளு?"

சொன்னேன். கோட்டுக்கு உள்ளே என்றேன். ஒற்றைக்கால் என்றேன். எந்தக் காலைத் தூக்கி எங்கே வைத்திருந்தது என்று கேட்டார். அதையும் சொன்னேன். அவர் பெஞ்சிலிருந்து மெதுவாக எழுந்து, தன் இடது காலைத் தூக்கி, டீக்கடைத் தூணைப் பிடித்துக்கொண்டு, பாதத்தை வலது முட்டியில் வைத்துக் காட்டினார்.

"இப்படியா?"

தலையை ஆட்டினேன்.

"சின்ன வயசுலேருந்தே அப்படித்தாம்மா நிப்பான்" என்றார். "அவுங்க அம்மா கொக்குன்னுதான் கூப்புடும்."

ரமேஷ் தொண்டையைச் செருமினார். "வெயில்ல என்னென்னவோ தெரியும்ப்பா. இவளுக்கு அன்னிக்கு மயக்கம் வேற."

தனவேல் காலை இறக்கி, லுங்கியைச் சரி செய்துகொண்டார். பிறகு ரமேஷிடம் கேட்டார், "திட்டக்குடிக்கு இங்கேருந்து நேரா பஸ் உண்டா தம்பி? இல்ல, விருத்தாசலம் போயி மாறணுமா?"

வேப்பமர நிழல்

அதற்குப் பிறகு கடலூரிலோ சிதம்பரத்திலோ அவரை நான் பார்க்கவில்லை. நடுக்கோட்டுப் பக்கம் வெறுமையாக இருந்தது. பழகிப்போன கண் கொஞ்ச நாள் அங்கேயே போய்ப் போய் வந்தது.

திட்டக்குடிப் போட்டிக்கு அடுத்த முறை என்னைக் கூப்பிட்டபோது, மாட்டேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். பிறகு ஒப்புக்கொண்டேன். அந்த உச்சி வெயில், அந்த மொட்டை வெளி. கார்னர் கொடிப் பக்கம் பார்க்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டு போய், இறங்கியதும் முதலில் அங்கேதான் பார்த்தேன். யாரும் இல்லை.

தனவேல் சிமெண்டுப் படிகளில், வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்தார். நான் நினைத்ததைவிடத் தெளிவாக இருந்தார். முகம் மழித்திருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கினார். பி.டி. ஆசிரியர் சொன்னார், "அவரா மேடம்? இங்க மேட்ச்சுன்னா வந்துடுவாரு. யாரோட அப்பான்னு தெரியல. யாருகிட்டயும் ஒண்ணும் பேச மாட்டாரு."

இடைவேளை விட்டேன். வெயில் தாங்காமல் கூட்டம் நிழலுக்கு நெருக்கியது. படிகளில் இடமே இல்லை. தனவேலுக்குப் பக்கத்தில் மட்டும் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது. அதில் துவைத்து மடித்த ஒரு துண்டு கிடந்தது, பஸ்ஸில் இடம் பிடிக்கப் போடுவார்களே அதுபோல.

கரும்பு லோடு இறக்கிவிட்டு வந்தவர்போல இருந்த ஒருவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டே அவர் முன்னால் போய் நின்றார். "அண்ணே, கொஞ்சம் துண்ட எடுத்துக்கறீங்களா? உக்காந்துக்கிறேன்."

தனவேல் துண்டின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"ஆள் இருக்குங்க" என்றார்.

அந்த மனிதர் துண்டைப் பார்த்தார். தனவேலின் முகத்தைப் பார்த்தார். இறங்கி வெயிலில் போய் நின்றுகொண்டார்.